வண்டி எங்கே உறங்குகிறது? போக்குவரத்து ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு போக்குவரத்து மற்றும் சாலைப் பாதுகாப்பு ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம்.

தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்த பெருங்களத்தூரில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் குடியிருப்பவன் நான். பணி ஓய்வுக்குப் பிறகு, விடியற்காலையில், சென்னையைத் தென்மாவட்டங்களோடு இணைக்கும் ஜி.எஸ்.டி. சாலை வரை நடந்துபோய் ஒரு தேநீர் குடித்துத் திரும்புவது என் வழக்கம். தென்மாவட்டங்களிலிருந்து இரவெல்லாம் ஓடிவந்த ஆம்னி பேருந்துகள் பயணிகளை இறக்கிவிடுவதும் அந்த நேரத்தில்தான். முகப்புக் கண்ணாடியில் நாகர்கோவில், தென்காசி, தேனி என்று ஊர்ப்பெயர் எழுதியிருக்கும். கீழே உள்ள நம்பர் பிளேட்டிலோ என்.எல். 01 என்றிருக்கும். ஒருநாள் தேநீர்க் கடைக்காரர் என்னிடம் கேட்டார்: "என்.எல்.னா நாகர்கோவில் லைன்தானே சார்?" நான் சிரித்துவிட்டு, அது நாகாலாந்து என்றும், 01 என்பது கொகிமா என்றும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அங்கேயிருந்து எதுக்கு சார் இங்கே வருது?" என்று அடுத்த கேள்வியைப் போட்டார். அதற்கு என்னிடம் சட்டென்று பதில் இல்லை. அதைத் தேடியதில் தெரிந்துகொண்டவற்றையும், தங்களிடம் கேட்க வேண்டியவற்றையும் இந்த மடலில் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். வெளிமாநில எண்ணைக் கண்டாலே முகம் சுளிப்பவன் அல்லன் நான். கார்த்திகையும் மார்கழியும் வந்தால் மாலை கட்டிய ஆந்திர, கர்நாடக, தெலங்கானா வண்டிகள் ஐயப்பன்மார்களோடு நம் சாலைகளில் வரிசையாகப் போவதைப் பார்ப்பது கண்ணுக்கு நிறைவானது. சென்னையின் பெரிய மருத்துவமனை வாசல்களில் நிற்கும் ஏ.பி. 39 வண்டிகளில் நோயாளிகள் வந்திருப்பார்கள். கடலூர், விழுப்புரம் மாவட்டங்களில் ஓடும் பி.ஒய். எண்களைக் கண்டு ஐயப்படுவதிலும் பொருளில்லை. புதுச்சேரிப் பகுதி ஒரே பரப்பாக இல்லாமல் துண்டு துண்டாக நம் நிலத்துக்கு நடுவே கிடப்பதால், பாகூர்க்காரர் ஒருவர் புதுச்சேரி நகரத்துக்குப் போய்வர வேண்டுமென்றாலும் தமிழ்நாட்டைத் தொட்டுத்தான் போக வேண்டியிருக்கிறது. வாடகைக் குத்தகைக்கு விடப்படும் கார்களோ குத்தகை நிறுவனத்தின் அலுவலகம் இருக்கும் ஊரின் எண்ணோடு வருகின்றன; எச்.ஆர். 26 என்ற குருகிராம எண்ணைச் சென்னையில் அடிக்கடி பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வருகிற வண்டி, கடக்கிற வண்டி, விருந்தாளி வண்டி ஆகிய எதன்மீதும் எனக்கு வழக்கில்லை.

என் கேள்வி, இங்கேயே உறங்கும் வண்டியைப் பற்றியது.

சட்டமும் அதைத்தான் கேட்கிறது என்று அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 40ஆம் பிரிவு, உரிமையாளரின் குடியிருப்போ தொழிலிடமோ எங்கே இருந்து, வண்டி வழக்கமாக எங்கே நிறுத்தப்படுகிறதோ, அந்த மாநிலத்தில்தான் அதைப் பதிய வேண்டும் என்கிறது. வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோய்ப் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால், அந்த மாநிலத்தின் எண்ணுக்கு மாற விண்ணப்பிக்க வேண்டும் என்பது 47ஆம் பிரிவு. ஆக, நம்பர் பிளேட் என்பது வண்டியின் பிறந்த ஊரைச் சொல்லும் சாதகக் குறிப்பு அன்று. அது எந்த ஊர்க் கொட்டகையில் இராத்தங்குகிறது, அதற்கு யார் பொறுப்பு என்று சொல்லும் முகவரி. 2024 மே மாதம், உயர் நீதிமன்ற உத்தரவின்படி நீலகிரிக்கு இ-பாஸ் நடைமுறைக்கு வந்தபோது, அந்த மாவட்டத்தின் எண்ணான டி.என். 43 கொண்ட வண்டிகளுக்கு உள்ளூர் வண்டிகள் என்று விலக்கு அளிக்கப்பட்டது. எண்ணே முகவரி என்று அரசும் ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதற்கு அதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

அப்படியானால், கொகிமா முகவரி போட்டுக்கொண்டு பெருங்களத்தூரில் நிற்கும் பேருந்து எந்தக் கணக்கில் சேரும்? இங்கிருந்து கொகிமா சாலை வழியாக ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். பதிவுக்காக ஒருமுறை போயிருந்தால் உண்டு. மற்றபடி அந்தப் பேருந்து அந்த மலையைப் பார்த்திருக்காது. மாலையில் சென்னையில் புறப்பட்டு, காலையில் தெற்கே போய்ச் சேர்ந்து, பகலில் அங்கே ஒரு காலி மனையில் கழுவித் துடைக்கப்பட்டு, மறுபடி மாலையில் வடக்கே கிளம்புகிறது. உரிமையாளர் இங்கே, ஓட்டுநர் இங்கே, டிக்கெட் எடுக்கும் பயணி இங்கே, தேயும் சாலை இங்கே. எண் மட்டும் அங்கே. நாகாலாந்து மக்கள்மீது எனக்கு எள்ளளவும் வருத்தம் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். மண்சரிவோடு மல்லுக்கட்டும் அவர்களுடைய மலைச்சாலைகளுக்கு எந்த வழியில் பணம் சேர்ந்தாலும் நல்லதே.

ஏன் இப்படி என்று விசாரித்தால் முதலில் வரி என்கிறார்கள். தமிழ்நாட்டில் ஆம்னி பேருந்துக்கு இருக்கைக்கும் படுக்கைக்கும் எண்ணிக் காலாண்டுதோறும் வரி கட்ட வேண்டும். நாகாலாந்து, அருணாசலப் பிரதேசம், புதுச்சேரி போன்ற இடங்களில் சுமை குறைவு. இரண்டாவது காரணம் நம் வீட்டுக்குள்ளேயே பிறந்தது. தமிழ்நாட்டில் படுக்கை வசதிப் பேருந்துகளைப் பதிவுசெய்ய நெடுங்காலம் வழியே இல்லை. அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகமே 2018இல்தான் படுக்கைப் பேருந்தை விட்டது. அதற்கு முன்பே பயணிகள் படுத்துக்கொண்டு போகப் பழகிவிட்டிருந்தார்கள். கேட்பவர் இருக்கும்போது விற்பவர் எங்கே பதிந்தால் என்ன என்று பார்ப்பது இயல்பு. நானும் அப்படி ஒரு பேருந்தில் நாகர்கோவிலுக்குத் திருமணத்துக்குப் போனவன்தான். போர்வை கொடுத்தார்களா என்று பார்த்தேனே ஒழிய, பிளேட்டைப் பார்க்கவில்லை. மூன்றாவதாக, 2021இல் ஒன்றிய அரசு கொண்டுவந்து, 2023இல் திருத்தி அமைத்த அனைத்திந்தியச் சுற்றுலா அனுமதி. இணையவழியில் கட்டணம் கட்டிவிட்டால் நாடு முழுதும் ஓடலாம். சுற்றுலாக் குழுக்களுக்காக வந்த அந்த அனுமதியை வைத்துக்கொண்டு, ஊருக்கு ஊர் ஆள் ஏற்றி இறக்கும் வழித்தடப் பேருந்தாக ஓட்டலாமா என்பதுதான் தங்கள் துறைக்கும் உரிமையாளர்களுக்கும் இடையே ஓயாத வழக்கு.

2024 ஜூனில் தங்கள் துறை அந்த வழக்கைக் கையில் எடுத்தது. வெளிமாநில எண்ணுடன் தமிழ்நாட்டுக்குள் ஓடும் ஆம்னி பேருந்துகள் இங்கே மறுபதிவு செய்தாக வேண்டும் என்றும், தவறினால் இயக்கக் கூடாது என்றும் கெடு விதித்தது. கெடு சில முறை தள்ளியும் போனது. அப்போது வெளியான கணக்கின்படி 652 பேருந்துகளில் 105 மட்டுமே மாறியிருந்தன, 547 மாறவில்லை. பிறகு வழக்குகள், வாதங்கள், முன்பதிவு செய்துவிட்டுப் பெட்டியோடு நின்ற பயணிகளின் புலம்பல்கள். இன்றைக்கு அந்த 547 என்னவாயிற்று என்று என் போன்ற ஒருவன் அறிந்துகொள்ள எந்த வழியும் இல்லை. தேநீர்க் கடையில் நின்று எண்ணிப் பார்ப்பது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த புள்ளிவிவரம், அதன்படி என்.எல். குறைந்திருக்கிறது, ஆனால் தீரவில்லை.

வரியை மட்டும் பேசினால் இது பணக்காரர்களுக்கும் அரசுக்கும் நடுவேயான கொடுக்கல் வாங்கல் போலத் தோன்றிவிடும். 2025 அக்டோபர் 24 அதிகாலையில் கர்நூல் அருகே, ஹைதராபாத்திலிருந்து பெங்களூருக்குச் சென்ற படுக்கைப் பேருந்து தீப்பற்றி 19 பயணிகள் உயிரிழந்தனர். தெலங்கானாவில் கிளம்பி, ஆந்திரத்தில் எரிந்து, கர்நாடகத்துக்குப் போயிருக்க வேண்டிய அந்தப் பேருந்தின் எண் டி.டி. 01, அதாவது தாத்ரா-நாகர் ஹவேலி, டாமன்-டியூ ஒன்றியப் பகுதி. சாலையில் கிடந்த இருசக்கர வாகனம் அடியில் சிக்கியதில் தீ பிடித்ததாகத்தான் சொல்லப்பட்டது. டி.டி. எண் இருந்ததால் தீ பிடித்தது என்று சொல்வது அறிவுடைமை ஆகாது. ஆயினும், அந்தப் பேருந்துக்குள் படுக்கைகள் எப்படிப் பொருத்தப்பட்டன, அவசர வழி திறந்ததா என்று அதன் வாழ்நாளில் யார் பார்த்தார்கள் என்ற கேள்விக்கு எந்த மாநிலமும் நேராக நின்று பதில் சொல்ல முடியாத நிலை ஒன்று இருக்கிறதல்லவா, அது பதிவெண்ணிலிருந்துதான் தொடங்குகிறது. படுக்கைப் பேருந்துகளுக்கென்று ஏ.ஐ.எஸ். 119 என்ற தரவிதி நாடு முழுமைக்கும் இருக்கிறது. விதி ஒன்றுதான், அதைப் பார்த்துக் கையெழுத்துப் போடும் கண்கள் ஊருக்கு ஊர் வேறு. எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று எங்கே சுலபமோ அங்கே பதிவு என்று ஆகிவிட்டால், பெருங்களத்தூரில் ஏறும் பயணியின் உயிருக்கு அவர் வாக்களிக்காத ஓர் அரசின் கையெழுத்துதான் காப்பு.

இனி என் தெருவுக்கு வருகிறேன், ஏனெனில் இந்த மடலை எழுதத் தூண்டியது பேருந்து மட்டுமல்ல.

எங்கள் தெருவில் மாடி வாடகைக்கு ஓர் இளைஞர் வந்தார். பெங்களூரில் வேலை பார்த்தவர், நிறுவனம் சிறுசேரிக்கு மாற்றியதால் வந்தவர், ஊர் தேனிப் பக்கம். கே.ஏ. 51 எண்ணுள்ள மோட்டார் சைக்கிள் வைத்திருந்தார். அவர் வந்து இரண்டு மாதம் இருக்கும்போது, பக்கத்துத் தெருவில் ஓர் அம்மாவின் சங்கிலியை யாரோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில், "அந்தக் கர்நாடக வண்டிக்காரன் யார்?" என்று ஒருவர் கேட்டார். கூடியிருந்த அத்தனை பேரும் தலையாட்டினோம், நானும் ஆட்டினேன். காவலர்கள் வந்து விசாரித்தார்கள், அந்தத் தம்பி காகிதங்களை எல்லாம் எடுத்துக் காட்டினார், ஒன்றும் இல்லை என்று போனார்கள். அன்றிலிருந்து அவர் எங்களைப் பார்த்துச் சிரிப்பதை நிறுத்திக்கொண்டார். அது எங்களுக்கு வேண்டியதுதான்.

பிறகு அவர் எண்ணை மாற்றிவிடுவதே நிம்மதி என்று இறங்கினார். அந்தக் கதையைக் கேட்டுத்தான் எனக்கு உங்கள் துறையின் மறுபக்கம் தெரிந்தது. முதலில் வண்டிக் கடன் கொடுத்த வங்கியிடம் கடிதம் வாங்க வேண்டும். பிறகு பழைய பதிவு அலுவலகத்தில் 28ஆம் படிவம் கொடுத்து என்.ஓ.சி. என்னும் தடையில்லாச் சான்று பெற வேண்டும், அதற்கு நிலுவையில் அபராதம் ஏதும் இருக்கக் கூடாது. சிக்னலில் கோட்டைத் தாண்டியதாக அவர் அறியாத ஓர் அபராதம் இருந்தது, அதைக் கட்டினார். விடுப்பு எடுத்துக்கொண்டு இரண்டு முறை பெங்களூர் போனார். பிறகு இங்கே 27ஆம் படிவம், வண்டியை நேரில் காட்டுதல், வண்டியின் வயதைக் கணக்கிட்டு மீண்டும் ஆயுட்கால வரி. அங்கே பதினைந்து ஆண்டுக்கு முன்கூட்டியே கட்டிய வரியின் மீதத்தைத் திரும்பப் பெற, புதிய பதிவுச் சான்றின் (ஆர்.சி.) நகலோடு பழைய மாநிலத்துக்கே மறுபடி எழுதிக் கேட்க வேண்டும். கேட்டிருக்கிறார். ஓராண்டு ஓடிவிட்டது, பணம் வரவில்லை. இங்கே எந்த அலுவலகத்திலும் யாரும் அவரிடம் கைநீட்டவில்லை என்பதையும் அவரே சொன்னார். அதைச் சொல்லாமல் விட்டால் நான் நியாயம் தவறியவனாவேன். அவரை வதைத்தது ஆள் இல்லை, முறை.

சட்டத்துக்குக் கட்டுப்பட நினைத்த ஒருவர் விடுப்பு, ரயில் கட்டணம், இரட்டை வரி என்று இழந்திருக்கிறார். சட்டத்தைச் சுற்றிப்போனவர் நாள்தோறும் ஜி.எஸ்.டி. சாலையின் பரனூர் சுங்கச்சாவடியைக் கடந்துபோகிறார். தேநீர்க் கடைக்காரரின் கேள்வி எனக்கு இப்போது வேறு விதமாகக் கேட்கிறது. அந்தத் தம்பியைப் போல நம்மிடையே எத்தனை ஆயிரம் பேர், மாற்றுவதைவிட மாற்றாமல் ஓட்டுவதே மேல் என்று கே.ஏ., எம்.எச்., கே.எல். எண்களோடு இருக்கிறார்களோ, அவர்கள் யாரும் ஏய்க்க வந்தவர்கள் அல்லர். பெங்களூரில் டி.என். எண்ணோடு நிறுத்தப்பட்டு வரி கேட்கப்பட்ட நம் பிள்ளைகளின் புலம்பலை நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! இங்கே வருகிறவர்களுக்கு நாம் அதையே திருப்பிச் செய்வது முறையாகுமா?

காரைப் பொறுத்தவரை வரி வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. 2023 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் 10 லட்சம் முதல் 20 லட்சம் ரூபாய் வரையிலான புதிய காருக்கு ஆயுட்கால வரி 18 விழுக்காடு. அதற்கும் மேல் 20. ஆக, 12 லட்ச ரூபாய்க் காருக்கு 2,16,000 ரூபாய். 150 கிலோமீட்டர் தள்ளி, கிழக்குக் கடற்கரைச் சாலையின் மறுமுனையில், புதுச்சேரியில் இதைவிட வெகு குறைவு. புதுச்சேரியில் உறவினர் வீட்டு முகவரியோ, வாடகை ஒப்பந்தமோ காட்டிப் பதிந்துகொண்டு, வண்டியைச் சென்னையில் நிறுத்துகிறவர்கள் உண்டு. 2017இல் கேரளக் காவல்துறை இப்படிப் பதியப்பட்ட சொகுசுக் கார்களின் உரிமையாளர்கள்மீது வழக்குகளே பதிந்தது. இங்கே அந்த வேகம் இல்லை என்பது என் கருத்து. ஒரு கோடி ரூபாய்க் கார் வாங்குகிறவருக்கு வரி கட்ட வலிக்கிறது என்றால் எனக்கு அதில் இரக்கம் வரவில்லை. மோட்டார் சைக்கிள்காரருக்கு இரண்டு முறை வலிப்பதில்தான் வருகிறது.

ஆணையர் அவர்களே, ஒரே மாதிரித் தகட்டுக்குப் பின்னால் இப்படி வெவ்வேறு மனிதர்கள் இருப்பதால், சோதனை என்ற பெயரில் சாலையோரத்தில் நின்று பிளேட்டைப் பார்த்துக் கைகாட்டுவது பலனளிக்காது என்பது என் தாழ்மையான எண்ணம். வண்டி எங்கே உறங்குகிறது என்பதற்கான சான்று உங்கள் கைக்கு எட்டும் தொலைவிலேயே இருக்கிறது. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமான பிறகு, ஒரு பேருந்து எத்தனை இரவுகள் பரனூர் சுங்கச்சாவடியைக் கடந்தது என்பது பதிவாகிறது. ஓராண்டில் முந்நூறு இரவு பரனூரைக் கடந்து, ஒரு நாள்கூட நாகாலாந்துக்குள் நுழையாத வண்டியின் உரிமையாளரிடம் 40ஆம் பிரிவைப் பற்றி அமைதியாக, அலுவலகத்துக்கு அழைத்தே கேட்கலாம். பயணிகளை நள்ளிரவில் இறக்கிவிட்டு வண்டியைப் பிடிக்கும் காட்சிகள் அதற்குத் தேவையில்லை. பண்டிகைக்கு முந்தைய வாரம் பார்த்து நடவடிக்கை எடுப்பதும், பண்டிகை முடிந்ததும் அது ஓய்வதும் துறைக்குப் பெருமை சேர்ப்பதில்லை. எந்தெந்தப் பேருந்துகள் மறுபதிவு செய்யப்பட்டன, எவை நீதிமன்றத்தின் இடைக்காலப் பாதுகாப்பில் ஓடுகின்றன, எவை இரண்டிலும் சேராதவை என்ற பட்டியலைத் துறையின் இணையதளத்தில் மாதந்தோறும் வெளியிட்டால், டிக்கெட் எடுப்பதற்கு முன் நாங்களே பார்த்துக்கொள்வோம். அதோடு, வரி அதிகம் என்று உரிமையாளர்கள் சொல்லும் குறையில் நியாயம் எவ்வளவு என்பதையும் துறை திறந்த மனத்தோடு பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டில் விலை பாதியாக இருக்கும்போது நம் கடைக்கு ஆள் வரவில்லையே என்று வருந்துவதில் பயனில்லை.

தனியாரின் வண்டிகளுக்கோ வேறு மருந்து வேண்டும். 2021 செப்டம்பரில் வந்த பி.எச். (பாரத்) எண் வரிசை நல்ல எண்ணம்தான். இரண்டிரண்டு ஆண்டுகளாக வரி கட்டலாம், மாநிலம் மாறினால் எண் மாற்ற வேண்டாம். ஆனால் அது அரசு ஊழியர்களுக்கும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள நிறுவனங்களின் ஊழியர்களுக்கும் மட்டும். எங்கள் மாடித் தம்பியின் நிறுவனத்துக்கு இரண்டே மாநிலங்களில்தான் அலுவலகம். அவருக்காகக் கேட்கிறேன்: பழைய மாநிலத்தில் மீதமிருக்கும் வரியை உரிமையாளர் அலைந்து வாங்குவதற்குப் பதிலாக, இரு மாநிலங்களும் தமக்குள் தீர்த்துக்கொண்டு, வித்தியாசத்தை மட்டும் அவரிடம் வாங்கினால் என்ன? ஜி.எஸ்.டி. சாலையில் நின்றுகொண்டு ஜி.எஸ்.டி. வரியை நினைப்பதில் ஒரு வேடிக்கை இருந்தாலும், 2017 முதல் ஒரு மாநிலத்தில் கட்டிய சரக்கு வரி அது நுகரப்படும் மாநிலத்துக்குத் தானாகப் போய்ச் சேர்கிறது; சோப்புக்கும் சிமெண்டுக்கும் முடிந்தது மோட்டார் சைக்கிளுக்கு முடியாதா? இதைத் தாங்கள் தனியே செய்ய இயலாது என்பதை அறிவேன். ஆனால் அண்டை மாநில ஆணையர்களோடு பேசத் தொடங்க, முதலில் கர்நாடகத்தோடு மட்டுமாவது பேசத் தொடங்க, யாருடைய அனுமதியும் தேவைப்படாது என்று நம்புகிறேன்.

தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன். அது வரும்வரை, நாளைக் காலையும் நான் அதே தேநீர்க் கடையில்தான் இருப்பேன். கடைக்காரரிடம் இதுவரை அறிந்ததைச் சொல்லிவிட்டேன். முழுவதையும் கேட்டவர், "அப்போ நாகர்கோவில் லைன்னு நான் சொன்னதும் சரிதான் சார், ஓடுறது அதுதானே" என்றார்.

பணிவன்புடன்,
பெருங்களத்தூர்வாசி ஒருவர்